பெட்டியில் கிடந்தால் பிழைத்துவிடுமா?

அமெரிக்காவில் பழைய குவில்ட் போர்வைகள் மேல் பித்துக் கொண்டவர்கள் நாலு பேர் கூடினால் அவர்களிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். பழைய சாமான் விற்பனையில் பாதியில் நின்றுபோன ஒரு மேல்துணியை வாங்கி வந்த ஒருவர், "தையல் எனக்கு இப்போதுதான் பழக்கம், இதை முடித்துவிடலாமா?" என்று கேட்க வேண்டியதுதான். வேண்டவே வேண்டாம் என்பார்கள். முடித்தால் மதிப்பு போய்விடும், அப்படியே மடித்துப் பெட்டியில் வை என்பார்கள். ஆசை இருந்தால் புதுத் துணியில் நாலைந்து செய்து பழகு, இதைக் கைதேர்ந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடு என்பார்கள். கேட்டவர் ஏதோ குற்றம் செய்யப் போனதுபோலக் கூசி, துணியை மடித்து வைப்பார். துணி மறுபடியும் இருட்டுக்குப் போகும்.

அக்கறையில் பிறந்த அறிவுரைதான். ஆனாலும் தப்பான அறிவுரை. பாதியில் நின்ற மேல்துணியைக் கற்றுக்குட்டி தொடக்கூடாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொல்லப்போனால், அதற்கு ஏற்ற கை கற்றுக்குட்டியின் கைதான்.

வழக்குக்குள் போகுமுன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே, துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்த மேல்துணி. நடுவே பஞ்சு விரிப்பு. கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துக் குத்தி இறக்கும் ஓட்டுத் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். கடைசியாக ஓரத்தைச் சுற்றி ஒரு பட்டி. இதில் மேல்துணியை மட்டும் முடித்து, அல்லது அதையும் முக்கால்வாசி செய்து விட்டுவிட்டவை அமெரிக்கப் பரண்களில் ஏராளம். காரணம் ரகசியமில்லை. மேல்துணிக்கு, சட்டையும் பாவாடையும் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் போதும். பஞ்சுக்கும் அடித்துணிக்கும் கையிலிருந்து காசு போக வேண்டும். குவில்ட்டிங் சட்டம் விரித்துப் போட வீட்டில் இடம் வேண்டும், சுற்றி உட்கார நாலு பேர் வேண்டும். 1930களின் பெருமந்தத்தில் துண்டுத் துணி இல்லாத வீடு இல்லை, காசுதான் இல்லை. பிறகு போர் வந்தது, பெண்கள் ஆலைக்குப் போனார்கள். போர் முடிந்ததும் கடையில் வாங்கிய போர்வைதான் கௌரவம் என்றாகிவிட்டது. 1976இல் நாட்டின் இருநூறாவது ஆண்டுக் கொண்டாட்டத்தை ஒட்டி குவில்ட் மோகம் பரவலாகத் திரும்பும் வரைக்கும் அந்தத் துணிகளை அவ்வளவாக யாரும் தேடவில்லை.

முதலில் 'மதிப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் ஜொனதன் ஹோல்ஸ்டைனும் கெய்ல் வான் டெர் ஹூஃபும் தங்கள் சேகரிப்பிலிருந்த குவில்ட்டுகளை ஓவியங்கள்போலச் சுவரில் தொங்கவிட்டார்கள். கட்டிலில் கிடந்த பொருளைக் கலை என்று பார்க்க நகரத்துக் கண்களுக்குச் சொல்லிக்கொடுத்த கண்காட்சி அது. அது செய்த நன்மையை மறுக்கவில்லை. ஆனால் கூடவே ஒரு பயமும் பரவியது. பரணில் கிடைக்கும் ஒவ்வொரு துணியும் அருங்காட்சியகப் பொருளாக இருக்கலாம் என்ற பயம். நிஜம் வேறு. 1930களின் மேல்துணிகளில் பெரும்பாலானவை பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்துச் செய்தவை. கான்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை இத்தகைய மாதிரிகளை அச்சிட்டுக்கொண்டே இருந்தது. மவுன்டன் மிஸ்ட் என்ற பெயரில் பஞ்சு விரிப்பு விற்ற நிறுவனம் அதைச் சுற்றிவந்த காகிதத்திலேயே மாதிரி அச்சடித்துக் கொடுத்தது. ஊரெல்லாம் செய்யட்டும் என்று வந்தவை இவை, ஊரெல்லாம் செய்தும் தீர்த்தார்கள். அபூர்வம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கும் இப்படி ஒரு சாதாரண மேல்துணியைப் பல சமயம் அதற்கு வாங்கவேண்டிய பஞ்சையும் அடித்துணியையும்விடக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். போவதற்கு அதில் பெரிய மதிப்பு எங்கே இருக்கிறது?

மதிப்பீட்டாளர்கள் ஒரு விதி சொல்வார்கள். ஒரு குவில்ட்டின் வயதை அதிலுள்ள மிகப் புதிய பொருளை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 1935இல் தைத்த மேல்துணியை இன்று முடித்தால் அது இன்றைய குவில்ட். சரி, இருக்கட்டும். முடிக்காத வரை அது எந்த ஆண்டின் குவில்ட்டும் இல்லையே. விலைச்சீட்டில் ஒரு வரி மாறும் என்பதற்காக, யாரையும் போர்த்தாத துணியாகவே அது இன்னும் எண்பது ஆண்டு கிடக்க வேண்டுமா?

கிடக்கட்டும் என்றே வைத்துக்கொள்வோம். எப்படிக் கிடக்கும்? 'அப்படியே விட்டுவிடு' என்பவர்கள் பெட்டிக்குள் காலம் நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். மரப்பெட்டியும் சாதாரண அட்டைப்பெட்டியும் அமிலம் கசியும் பொருட்கள். அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் பருத்தி பழுப்பேறும், பலமிழக்கும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தால் மடிப்புக் கோட்டில் இழைகள் ஒடியும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் அமிலமற்ற காகிதம் வைத்துச் சுருட்டுகிறார்கள், அல்லது அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்கிறார்கள். வீட்டில் யார் இதைச் செய்கிறார்கள்? இதுகூடப் போகட்டும். முடியாத மேல்துணியின் பின்பக்கம் முழுக்கத் திறந்த வெட்டோரங்கள். தையலுக்குள் மடிந்து நிற்கும் துணி கால் அங்குலம்கூட இருக்காது, பழைய கைத்தையலில் அதிலும் பாதிதான் இருக்கும். ஒவ்வொரு முறை எடுத்து விரித்துக் காட்டி மடிக்கும்போதும் அங்கே கொஞ்சம் பிசிறு உதிரும். உதிர்ந்துகொண்டே போனால் ஒருநாள் தையல் பிடிக்கத் துணியே இருக்காது. பஞ்சும் அடித்துணியும் சேர்த்துத் தைத்துவிட்டால் அந்த வெட்டோரங்கள் உள்ளே அடங்கும், இழுவையை மூன்று அடுக்கும் பங்கிட்டுக்கொள்ளும். பத்திரப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் முடிப்பதும் பத்திரப்படுத்தும் வழிதான்.

அடுத்து வருவது கொஞ்சம் உணர்ச்சிகரமான வாதம். அது முகம் தெரியாத ஒரு பெண்ணின் படைப்பு, அதில் உன் கை படலாமா என்பார்கள். ஒரே கை, ஒரே மனம், ஒரே படைப்பு என்பது ஓவியத்துக்குச் சொன்ன கதை. குவில்ட்டின் சரித்திரத்தில் அதற்கு அவ்வளவாக இடமில்லை. மேல்துணியை ஒருத்தி தைப்பாள். குவில்ட்டிங்குக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள். தேவாலயப் பெண்கள் சங்கங்கள் பிறர் கொண்டுவரும் மேல்துணிகளைக் கூலிக்கு முடித்துக் கொடுத்து நிதி சேர்த்தன. சில ஊர்களில் இன்றும் சேர்க்கின்றன. தென்மாநிலப் பண்ணை வீடுகளில் எஜமானியின் பேரில் நிற்கும் குவில்ட்டுகளில் அடிமைப் பெண்களின் தையல் எவ்வளவு என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. 1980களில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் ஆமிஷ் குவில்ட் என்று சுற்றுலாப் பயணிகள் ஆசையாக வாங்கிப்போன பலவற்றில், லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் பெண்களின் ஊசிவேலை இருந்தது.

இதில் உச்சம் 1933. சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் ஒரு குவில்ட் போட்டி நடத்தியது. ஏறத்தாழ 24,000 குவில்ட்டுகள் வந்து குவிந்தன. முதல் பரிசு 1,000 டாலர், பெருமந்தக் காலத்து டாலர். அதை வென்றவர் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் ரோஜர்ஸ் கேடன். பரிசு பெற்ற குவில்ட் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அன்பளிப்பாகப் போனது. அந்தக் குவில்ட்டில் கேடன் ஒரு தையல்கூடப் போடவில்லை. கூலிக்கு அமர்த்திய பெண்கள் தைத்தார்கள், பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கும் இல்லை. பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் அவர்கள் வாயைத் திறக்கவும் இல்லை. அந்நாளில் நாட்டின் மிகப்பெரிய குவில்ட் பரிசே இந்த லட்சணத்தில் இருந்தது. பாதியில் நின்ற மேல்துணியை எடுத்து, 'இதுவரை அவர், இதிலிருந்து நான்' என்று வெளிப்படையாகச் சொல்லித் தைக்கும் கற்றுக்குட்டி பாவம் செய்கிறாள் என்றால், கேட்க எனக்குச் சிரிப்பு வருகிறது.

இதை எழுதும் மேசையில் அப்படிப்பட்ட ஒன்று விரிந்து கிடக்கிறது. 'பாட்டியின் பூந்தோட்டம்' என்று பெயர் பெற்ற மாதிரி. அறுகோணத் துண்டுகளால் ஆன பூக்கள். நடுவே மஞ்சளாக ஒன்று, சுற்றி வெற்று நிறத்தில் ஆறு, அதற்கும் வெளியே பூப்போட்ட துணியில் பன்னிரண்டு. ஆகப் பூவுக்குப் பத்தொன்பது துண்டு. பூக்களுக்கு இடையே வெள்ளையில் பாதை. முன்பக்கம் பார்த்தால் எல்லாம் ஒரே சீர். திருப்பிப் போட்டால்தான் சங்கதி தெரியும். தையல் கோடு எங்கே என்று பென்சிலால் வரைந்தது இன்னும் அழியவில்லை. ஒரு பச்சைத் துண்டின் ஓரத்தில் வரிசையாகச் சிறு ஓட்டைகள், சம இடைவெளியில். அந்தத் துணி மாவுப் பையாகவோ கோழித்தீவனப் பையாகவோ இருந்தது. அந்நாளில் பூப்போட்ட பருத்திப் பைகளில் சரக்கு வரும். ஒரு முனையில் நூலைச் சுண்டினால் சங்கிலித் தையல் முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும், துணி மிச்சம். சுண்டிய தடம்தான் அந்த ஓட்டைகள். பெரும்பாலான பூக்களில் தையல் பொடிப்பொடியாக இருக்கிறது. ஓர் ஓரத்துப் பூக்களில் மட்டும் நீள நீளமாக, முடிச்சும் தடிமனாக. வேறொரு கை என்றுதான் தோன்றுகிறது. சின்னப் பெண்ணோ, கண் மங்கிய கிழவியோ. தொடாதே என்ற தீர்ப்பை அன்றைக்கே யாரோ மீறியிருக்கிறார்கள்.

'புதுத் துணியில் பழகு' என்கிறார்களே, அது நியாயமாகத்தான் படும். அதில் ஒளிந்திருக்கும் குளறுபடியைப் பாருங்கள். குவில்ட் வேலையில் கணக்குப் பிசகாமல் செய்ய வேண்டிய பகுதி, துண்டுகளை வெட்டிச் சேர்த்து மேல்துணி ஆக்குவது. அளவு ஒரு நூல் தவறினால் பத்துத் துண்டுக்குப் பிறகு மூலை மூலையோடு சேராது. புதுத் துணியில் தொடங்குபவள் முதலில் இந்தக் கடினமான பகுதியில்தான் போய் விழுகிறாள். அதற்குமுன் வட்டக்கத்தி, அளவுகோல், வெட்டுப்பலகை என்று ஒரு கடைச் செலவு வேறு. பழைய மேல்துணி கையில் இருப்பவளுக்கோ அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது, மூன்று அடுக்கையும் விரித்து நூலோட்டிப் பிடித்து, நடுவிலிருந்து வெளியே போகும்படி ஓட்டுத் தையல் போடுவது. பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் தையல் அது. இப்படிப் பார்த்தால், கற்றுக்குட்டிக்கு எளிய பாதியைக் கொடுக்காதே, கடினமான பாதியிலிருந்து தொடங்கச் சொல் என்பதுதான் இந்த அறிவுரையின் சாரம். (அறிவுரை சொல்பவர் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். அவர் புதுத் துணியில் தைத்து முடிக்காமல் விட்ட மேல்துணிகள் அடுக்கடுக்காக இருக்கும்.)

தையலின் நேர்த்தி பற்றிய பயமுறுத்தலும் உண்டு. தேர்ந்த கை அங்குலத்துக்குப் பத்து, பன்னிரண்டு தையல் போடும். புதிதாகத் தொடங்கியவருக்கு ஐந்தோ ஆறோ வரும். வரட்டுமே. மூன்று அடுக்கும் நகராமல் நிற்கத் தையல் சீராக இருந்தால் போதும், பொடியாக இருக்கவேண்டும் என்றில்லை. பழைய காலத்திலேயே எத்தனையோ வீடுகளில் தையலே போடாமல், நாலைந்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகத் தடித்த நூலால் கட்டி முடித்தார்கள். அவற்றையும் போர்த்திக்கொண்டுதான் குழந்தைகள் குளிர்காலத்தைக் கடந்தார்கள்.

கைதேர்ந்தவரிடம் கொடு என்றால் இன்று பெரும்பாலும் அதற்கு அர்த்தம், நீண்ட கை கொண்ட பெரிய குவில்ட்டிங் இயந்திரம் வைத்திருப்பவரிடம் காசு கொடுத்து அனுப்பு என்பது. திறமைசாலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கையால் தைத்த பழைய மேல்துணி ஒருபோதும் தட்டையாகப் படுக்காது. துண்டுகளின் கிராஸ் ஓரம் இழுபட்டு விளிம்பு அலையடிக்கும். நடுவில் எங்காவது கிண்ணம் கவிழ்த்ததுபோல உப்பியிருக்கும். சட்டத்தில் இழுத்துக் கட்டி வேகமாக ஓடும் ஊசிக்கு அந்த உப்பலை அமுக்கிக் கொசுவமாக மடித்துத் தைப்பதுதான் சுலபம். வளையத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் கையால் தைப்பவருக்கு அவசரமில்லை. மிஞ்சிய துணியை ஒவ்வொரு தையலிலும் இத்தனூண்டு உள்ளே வாங்கிக்கொண்டே போகலாம். உப்பல் தானாகக் கரையும். இங்கே தேவை பொறுமை. அது கற்றுக்குட்டியிடம் நிறையவே இருக்கும். நாள்கூலிக் கணக்குப் பார்ப்பவரிடம் எதிர்பார்க்க முடியாது.

மேல்துணியே முழுமையாக இல்லையென்றால்? ஓரத்தில் பூக்கள் குறைகின்றன, பாதை பாதியில் நிற்கிறது. அந்தக் காலத்துத் துணி கிடைக்காமல் தொடாதே என்று இங்கேயும் ஒரு கட்டளை உண்டு. 1930களின் அச்சுகளைப் போலவே புதிதாக நெய்து விற்கிறார்கள், வேண்டுமானால் வாங்கலாம். என்னைக் கேட்டால் வெளுக்காத காடாத் துணியே உத்தமம். பூந்தோட்டத்தின் அறுகோண ஓரத்தை அப்படியே ஒரு காடாப் பட்டியின் மேல் படியவைத்துத் தைத்துவிட்டால் விளிம்பு நேராகிவிடும், பட்டி கட்டுவதும் எளிது, எது பழையது எது புதியது என்று பார்த்தவுடன் தெரியவும் தெரியும். தெரியத்தான் வேண்டும். தேயிலைத் தண்ணீரில் முக்கி புதுத் துணியைப் பழசாக்கும் வித்தையை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பார்ப்பவரை ஏமாற்றுவது ஒருபுறம், தேயிலையின் டானின் நாளடைவில் துணியையே அரிக்கும் என்பது மறுபுறம்.

எல்லாவற்றையும் எல்லோரும் தொடலாம் என்று நான் சொல்லவில்லை. 1880களின் பட்டுத்துண்டு மேல்துணிகள் தனி இனம். எடை கூட்டுவதற்காக அந்தப் பட்டில் உலோக உப்பு ஏற்றி விற்றார்கள், அது இன்று தொட்டால் நார் நாராகக் கிழிகிறது. இரும்பு உப்பு சேர்த்துச் சாயமேற்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பழுப்பும் கறுப்பும் அந்த நிறம் இருக்கும் இடத்தில் மட்டும் இற்றுப் பொத்தல் விடும். ஊர்க்காரர்களின் பெயர்களை மையிலோ நூலிலோ பதித்த மேல்துணி அந்த ஊரின் ஆவணம், உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குப் போகவேண்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தியது என்று சந்தேகம் வந்தால்கூட ஊசியைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். இங்கெல்லாம் 'தொடாதே' கோஷ்டியோடு நானும் நிற்பேன். என் சண்டை, இந்த நாலு வகைக்குச் சொல்லவேண்டியதை மாவுப்பைப் பருத்திக்கும் சேர்த்துச் சொல்லிப் பயமுறுத்துவதோடுதான். அந்தப் பருத்தி முரட்டுத் துணி. துவைத்து உடுத்திக் கிழிக்கவென்றே வந்தது.

செய்யவேண்டிய முன்சோதனையும் பெரிய வித்தை இல்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து இற்ற துண்டு எது என்று குறித்துக்கொண்டு, அதன்மேல் புதிதாக ஒரு துண்டை வைத்துத் தைக்கலாம். பழையதை அறுத்து எறிய வேண்டாம், அடியிலேயே இருக்கட்டும். ஈரமான வெள்ளைத் துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும், முக்கியமாகச் சிவப்பு, கருநீலத்தின் மேல் அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். முடிக்கும் முன் துவைக்கக் கூடாது, திறந்த ஓரமெல்லாம் சிக்கலாகிவிடும். முடித்த பிறகு, அடித்துணியின் ஒரு மூலையில் சின்னத் துணிச்சீட்டு ஒன்றைத் தைத்து, மேல்துணி கிடைத்த ஊர், ஏறக்குறைய எந்தக் காலத்தது, முடித்தவர் பெயர், ஆண்டு, சேர்த்தது எது என்பதை அழியாத மையில் எழுதிவிட வேண்டும். கேடனின் பரிசுக் குவில்ட்டில் இல்லாத நேர்மை இந்தச் சீட்டில் வந்துவிடும்.

கெடுத்துவிட்டால் என்ன செய்வாய் என்பது அவர்களின் கடைசி ஆயுதம். பழம்பொருள் பாதுகாப்பில் இருப்பவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கும் விதி, பின்னால் வருபவர் திரும்பப் பிரிக்கக்கூடிய வேலையை மட்டும் செய் என்பது. பசை போட்டு ஒட்டினால் பிரிக்க முடியாது. நெருக்கமான இயந்திரத் தையலைப் பிரிப்பதற்குள் பழைய துணி கிழிந்துவிடும். கையால் போட்ட ஓட்டுத் தையலோ, அதுவும் கற்றுக்குட்டி போட்ட நீளத் தையலோ, நாலு அங்குலத்துக்கு ஒரு இடத்தில் கத்தரித்தால் மிச்சம் தானாக உருவிக்கொண்டு வரும். ஊசி போன ஓட்டையும் ஈரத்துணியை ஒற்றி எடுத்தால் பெரும்பாலும் அடைந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தலைமுறையில் யாராவது ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்து, மேல்துணியை மறுபடியும் மேல்துணியாகவே எடுத்துக்கொள்ளட்டும்.